சபரிமலை மாலையைக் கழற்றிய மறுநாள்

மல்காஜ்கிரியில் எங்கள் தெருமுனைச் சாராயக் கடையை நாங்கள் பெண்களே மூடவைத்தோம். இப்போது சொன்னாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது! துடைப்பமும் கரண்டியுமாகப் போய் வாசலில் உட்கார்ந்து, "நக்கோ நக்கோ, சாராயம் நக்கோ!" என்று, 'வேண்டாம்' என்பதை அந்த ஊர் உருதுவிலேயே தொண்டை கிழியக் கத்தினோம். கடைக்காரன் பூட்டிக்கொண்டு போனான். தெருவே கேசரி கிண்டித் தின்றது.

என் வீட்டுக்காரர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். மறுநாளே தண்டவாளத்தைத் தாண்டிப்போய் வேறு கடையில் குடித்துவிட்டு வந்து, "நடந்தா உடம்புக்கு நல்லதுதான்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தக் கார்த்திகையில் கூட வேலை செய்பவர்கள் இழுத்துப்போய் அவருக்கும் சபரிமலைக்கு மாலை போட்டுவிட்டார்கள். அதிசயம்! ஒரு சொட்டு தொடவில்லை. சாயங்காலமானால் குளித்துவிட்டுக் குருசாமி வீட்டுப் பஜனைக்கு ஓடினார். அங்கே டோலக் இவர் கையில்தான். இவர் வராமல் பாட்டையே தொடங்க மாட்டார்கள். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

மலைக்குப் போய்த் திரும்பினார்கள். மாலையைக் கழற்றும் நேரம் வந்ததும் குருசாமியிடம் போனேன்.

"சாமி, இவருக்கு மட்டும் மாலை அப்படியே இருக்கட்டும். வருஷம் பூரா விரதச் சமையல் செஞ்சு போடறேன்."

"அதெல்லாம் முறை இல்லம்மா" என்று சிரித்துக்கொண்டே கழற்றிவிட்டார்.

மறுநாள் சாயங்காலம் வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு தண்டவாளப் பக்கம் கிளம்பினார். வாசலை மறித்துக்கொண்டு நின்றேன்.

"மாலை இருந்தப்ப முடிஞ்சுதே, இப்ப ஏன் முடியல? சாமிகிட்ட இருக்கற பயம் என்கிட்ட இல்லையா?"

"பயமெல்லாம் இல்லடி" என்றார். குரல் இறங்கியிருந்தது. "நாள் பூரா இரும்புச் சத்தம். வீட்டுக்கு வந்தா நீ சண்டைக்கு நிக்கற. இத்தனை நாளும் பொழுது சாஞ்சா நான் எங்கன்னு நாலு பேர் தேடினாங்க. இப்ப யார் தேடறா? அந்தக் கடைக்காரன்தான் தேடறான்."

ஒரு தெருவே திரண்டு கடையை மூடினோம்; ஏன் குடிக்கிறீர்கள் என்று ஒருத்தியும் கேட்கவில்லை! அழுகையா சந்தோஷமா என்று தெரியாமல் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு குருசாமி வீட்டுக்கே ஓடினேன். பாதி தாடி மழித்த முகத்தோடு குருசாமி வெளியே வந்தார்.

"சாமி, மாலை போட்டாத்தான் பாட்டு வருமா? இந்தா, டோலக்குக்கு ஆள் வந்திருக்கு!"

அவர் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். "உள்ள வாய்யா, நானும் சும்மாதான் உக்காந்திருக்கேன்."

அவரை அங்கே விட்டுவிட்டு நான் வீட்டுக்கு வந்தேன். சமையல் முடிந்து வெகுநேரமாகியும் வீட்டுக்காரர் வரவில்லை. தேடிக்கொண்டு கிளம்பினேன். பயமில்லாமல் அவரைத் தேடிப்போனது அன்றைக்குத்தான் முதல்முறை.