டொக்கென்று பேசிய தாலர்

சுருதிக்காரருடைய காதைப் போல ஒரு காது இந்த உலகத்திலேயே கிடையாது. மூன்று தெரு தள்ளி ஒரு குண்டூசி விழுந்தால், அது தலைகுப்புற விழுந்ததா மல்லாந்து விழுந்ததா என்று இங்கிருந்தே சொல்லிவிடுவார். சரி, மூன்று தெரு என்பது கொஞ்சம் கூடுதல்தான். பக்கத்து அறை என்று வைத்துக்கொள்ளுங்கள். குண்டூசியும் வேண்டாம், கரண்டி. ஆனால் விழுந்த கரண்டி எவர்சில்வரா வெள்ளியா என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வார். அதில் ஒரு பொட்டுப் பொய் இல்லை.

பியானோக்களுக்குச் சுருதி சேர்ப்பது அவர் பிழைப்பு. தோளில் ஒரு தோல்பை, அதற்குள் முறுக்குச் சாவி, கம்பளித் துண்டுகள், ஓர் இசைக்கவை. வீடுகளுக்குப் போவார், இசைப்பள்ளிக்குப் போவார். எல்லாவற்றுக்கும் மேல், ரயில் நிலையத்தை ஒட்டிய கச்சேரி மண்டபத்தில் யானைக்குட்டி மாதிரி ஒரு கறுப்புப் பியானோ நிற்கிறது. அதைத் தொடுகிற உரிமை அவர் ஒருவருக்குத்தான். அவருக்குச் சோறும் அதுதான், கௌரவமும் அதுதான்.

பிழைப்பு அது என்றால் பைத்தியம் வேறு. ஜெர்மனி ஒரே நாடாவதற்கு முன்னால் அங்கே ஆளாளுக்கு ஓர் அரண்மனை, ஆளாளுக்கு ஒரு நாணயச்சாலை என்று இருந்த காலத்தில், உள்ளங்கை நிறைகிற மாதிரி தடித்த வெள்ளிக்காசுகளை அடித்துத் தள்ளினார்கள். தாலர் என்று பெயர். இன்றைய டாலர் இந்தத் தாலருக்குப் பேரன் முறை. ஒரு காசில் இடுப்பில் இலையைச் சுற்றிய காட்டுமனிதன் வேரோடு பிடுங்கிய மரத்தைக் கைத்தடிபோல் பிடித்து நிற்பான். இன்னொன்றில் நாலு மடிப்புக் கழுத்தோடு ஒரு கோமகன், சாப்பாடு இன்னும் வரவில்லையே என்கிற முகத்தோடு இருப்பார். சுருதிக்காரர் முகத்தையெல்லாம் பார்ப்பதில்லை. காசை விரல் நுனியில் நிற்கவைத்து, பென்சிலால் ஒரு தட்டுத் தட்டி, காதருகே கொண்டுபோவார். காட்டுமனிதன் கணீரென்று பாடுவான். கோமகன் கொஞ்சம் மூக்கால் பாடுவார். கேட்டுவிட்டு இவர் சொக்கிப்போய் நிற்பார்.

இவருக்கு நேர் எதிரி, நேர் சிநேகிதர், பூதக்கண்ணாடி. கைக்கடிகாரம் பழுதுபார்க்கிறவர், முறுக்கு மீசைக்காரர், கண்ணில் லென்ஸை மாட்டினால் கழற்ற மறந்து அப்படியே வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்காருகிற ஜாதி. இருவருக்கும் ஞாயிற்றுக்கிழமைதோறும் தையற்கடை மாடியில் நாணயச் சங்கம். அங்கே அலமாரியில் ஒரு நல்ல தராசு இருந்தது. அதை யாரும் தொடுவதில்லை. காதால் அறிகிறவருக்கும் கண்ணால் அறிகிறவருக்கும் நடுவில் தராசைக் கொண்டுவந்து வைத்தால் இரண்டு பேருக்குமே அவமானம் இல்லையா? அந்த ரோஷம்தான் வினையானது.

பழம்பொருள் சந்தையில் சுருதிக்காரருக்கு ஆக்ஸ்பர்க் என்கிற ஜெர்மன் நகரத்துத் தாலர் ஒன்று கிடைத்தது. ஒருபக்கம் கோபுரமும் மதிலுமாக முழு நகரம். அந்த ஊர்ச் சின்னமான பைன்மரக் காய் ஓர் ஓரத்தில் பலாப்பிஞ்சு மாதிரி உட்கார்ந்திருந்தது. ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்ததால் வாழ்க்கையில் முதல்முறையாகத் தட்டிப் பார்க்காமல் வாங்கினார். வழியெல்லாம் புதுமாப்பிள்ளை நடை. ஞாயிற்றுக்கிழமை சங்கம் கூடியதும் விரல் நுனியில் நிறுத்தி, எல்லாரையும் ஒருமுறை பார்த்து, பென்சிலால் தட்டினார்.

டொக்.

மறுபடி தட்டினார். டொக். கதவைத் தட்டினால்கூட இதைவிட இனிமையாகக் கேட்டிருக்கும்.

“என்னய்யா, காசுக்கு ஜலதோஷமா?” என்றார் பூதக்கண்ணாடி.

“கள்ளக்காசு. ஈயம்,” என்றார் சுருதிக்காரர். முகம் செத்துவிட்டது.

பூதக்கண்ணாடி காசை வாங்கிப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். “ஈயமாவது ஒண்ணாவது! எழுத்தப் பாரு, தேய்மானத்தப் பாரு. அசல் வெள்ளி, அசல் அச்சு. என் கண்ணு மேல சத்தியம்.”

“என் காது பொய் சொல்லாது.”

“அப்போ கோளாறு காசுல இல்ல, காதுலதான். வயசாச்சுல்ல?”

சங்கமே கொல்லென்று சிரித்தது. அலமாரியில் தராசு வாயை மூடிக்கொண்டு இருந்தது.

சிரிப்போடு போயிருந்தால் பரவாயில்லை. கச்சேரி மண்டபத்து மேனேஜர் பூதக்கண்ணாடிக்கு மைத்துனர். மறுநாளே போன். “தப்பா எடுத்துக்காதீங்க. மச்சான் ஏதோ சொன்னாரு... பெரிய கச்சேரி வருது. உங்களுக்குக் காது சரியில்லேன்னா நான் வேற ஆளப் பாத்துக்கவா?”

“அடுத்த ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுங்க,” என்று வைத்துவிட்டார்.

அதன்பிறகு அந்த வீட்டில் தட்டப்படாத பொருள் இல்லை. டம்ளரைத் தட்டினார், ஜன்னல் கம்பியைத் தட்டினார், குழம்பு கொதிக்கும்போதே மூடியைத் தட்டினார். எதிர்வீட்டு அழைப்புமணியை அழுத்திவிட்டு, கதவைத் திறந்தவரிடம், “ஒண்ணுமில்ல, சும்மா கேக்கலாம்னு,” என்றார். எல்லாம் சரியாகத்தான் கேட்டன. சரியாகக் கேட்பதாகத் தனக்குத்தான் தோன்றுகிறதோ என்று அதிலும் ஒரு சந்தேகம்.

அவர் மனைவி மருந்துக்கடை நடத்துகிறவள். “என்னங்க, காது டாக்டர்கிட்ட ஒரு தடவ காட்டிடலாமே?”

“காட்டி? அந்தாளும் தட்டித்தானே பாப்பாரு? அத நானே தட்டிக்கிறேன்.”

அந்தப் பாவப்பட்ட தாலரை அவர் தூக்கிப் போட்டுவிடவில்லை. பட்டுத்துணியில் சுற்றி அலமாரியில் மரியாதையாக வைத்திருந்தார். சனிக்கிழமை மாலை அவர் குளியலறையில் இருந்தபோது, மனிதனை இப்படி ஆட்டிவைக்கிற காசு எதுதான் என்று மனைவி அதைக் கையில் எடுத்தாள். பொழுதெல்லாம் கடையில் அவள் செய்கிற வேலை, குழந்தைகள் திறந்துவிடாதபடி செய்த மருந்துப் புட்டிகளின் மூடியை அமுக்கித் திருகித் திறந்து காட்டுவது. யோசனை எங்கோ இருக்க, கை தன் வழக்கப்படி காசை அமுக்கித் திருகியது.

குளியலறைக்குள்ளிருந்து ஒரு கத்தல். “எதத் திருகுற?”

“நான் ஒண்ணும் திருகலையே!”

“திருகுற! மரை போட்ட வெள்ளி. கிரீச்சுன்னுது. எனக்குக் கேட்டுச்சு!”

துண்டைச் சுற்றிக்கொண்டு நுரையோடு ஓடிவந்தார். அவள் கையில் தாலர் இரண்டாகத் திறந்திருந்தது. உள்ளே குடைந்து, விளிம்பில் மயிரிழை போல மரை வெட்டி, காசையே ஒரு டப்பாவாக்கியிருந்தான் யாரோ ஒரு பழைய கெட்டிக்காரன். டப்பாவுக்குள் கட்டைவிரல் நகமளவு முகத்தோடு ஒரு சீமாட்டியின் ஓவியம். அதன்மேல் கண்ணாடி போன்ற மெல்லிய அப்ரக வட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஓர் உடை தீட்டியிருந்தது. ஒன்றை வைத்தால் சீமாட்டி மகாராணி. இன்னொன்றை வைத்தால் சிப்பாய். மூன்றாவதில் முறுக்கிய மீசை; அதை வைத்ததும் இருவரும் ஒரே குரலில், “பூதக்கண்ணாடி!” என்று கத்தினார்கள். சிரித்த சிரிப்பில் துண்டு நழுவியதாகக் கேள்வி. அதற்குச் சாட்சி இல்லை.

மறுநாள் மனைவியையும் அழைத்துக்கொண்டு சங்கத்துக்குப் போனார். திறந்து காட்டியதும் பூதக்கண்ணாடி லென்ஸைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். “விளிம்புல மூட்டு இருந்திருக்கு. என் கண்ணுக்குத் தப்பிடுச்சே!” என்று தலையில் அடித்துக்கொண்டார். காசு அசல் என்ற கண்ணும் சரி, காசில் கோளாறு என்ற காதும் சரி. மீசை வட்டத்தைப் பார்த்தவர் தன் மீசையைத் தடவிக்கொண்டு, “நல்ல ஓவியந்தான்,” என்றார். பிறகு அங்கிருந்தே மைத்துனருக்குப் போன் போட்டார். “யோவ், வேற ஆள் தேடாத. வெள்ளிக்குள்ள ஒளிஞ்சிருக்கிற பொம்பளையையே கண்டுபிடிக்கிற காதுய்யா இது!”

சுருதிக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. மேசைமேல் ஏறாத குறை. “டொக்குனு கேட்டப்பவே எனக்குத் தெரியும், இது உள்ள காலின்னு. வெளிய சொல்லல, அவ்வளவுதான். அதனாலதான் பட்டுத்துணியில சுத்தி அலமாரியில...”

“பட்டுத்துணியுமில்ல, அலமாரியுமில்ல,” என்றாள் மனைவி. “சாப்பாட்டு மேச ஆடுதுன்னு கால்ல முட்டுக் குடுத்து வச்சிருந்தாரு. பெருக்குறப்போ துடப்பத்துல மாட்டுச்சு, எடுத்தேன். இப்போ மேச மறுபடியும் ஆடுது. டொக்கு டொக்குனு நேத்துலேருந்து அடிச்சுக்குது. அது மட்டும் இந்தக் காதுல விழவே மாட்டேங்குது.”