மாரிமுத்து அண்ணனும் ராணி போட்ட குட்டிகளும்

மாரிமுத்து அண்ணன் போய்விட்டார். இன்று காலை, பெரியாஸ்பத்திரி வார்டில்.

RIP போடுகிறவர்கள் போடுங்கள். ஆனால் "குடிச்சே செத்தாரு" என்று யாராவது கமெண்டில் எழுதினால் சும்மா விடமாட்டேன், இப்போதே சொல்லிவிட்டேன்.

தெரியாதவர்களுக்கு... யட்டியாந்தோட்டைப் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் இருபது வருஷத்துக்கு மேல் பால் வெட்டியவர். தோட்டத்து வரிசை வீடுகளில் எங்களுக்குப் பக்கத்து லயம். நான் பால் ஸ்டோரில் தராசு பார்க்கிறவள்.

என் குணம் உங்களுக்குத் தெரியும். யாராவது பாலில் தண்ணீர் கலந்திருந்தால் வாளியை இறக்கும்போதே ஆளின் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவேன். "இவ பெத்த தாயையே நிறுத்துப் பாப்பா" என்று அண்ணன் கிண்டல் பண்ணுவார்.

போன வருஷம் ஒரு நாள் காலை. அண்ணன் தோளில் சாக்கோடு வந்தவர், என்னைப் பார்த்ததும் வேறு பாதையில் திரும்பினார்.

எனக்கு உடனே சந்தேகம். ஒட்டுப்பால்தான்... மரத்தில் காய்ந்து ஒட்டியிருக்கிற ரப்பரைச் சுரண்டி வெளியே விற்கிற ஆட்கள் இங்கே உண்டு.

"அண்ணே, சாக்குல என்ன?"

"ஒண்ணுமில்ல தங்கச்சி. குப்ப."

"குப்பைய எதுக்குண்ணே ஒளிச்சுக் கொண்டு போறீங்க?" என்று கேட்டுக்கொண்டே சாக்குக்குள் கையை விட்டேன். ஈரமாக, மெத்தென்று ஏதோ தட்டுப்பட்டது.

வெளியே எடுத்தால்... செத்த நாய்க்குட்டி. முடிகூடச் சரியாக முளைக்கவில்லை. மொத்தம் நாலு.

ராணி போட்டது. ராணி அவருடைய நாய், அது முன்னால் போகாமல் அண்ணன் மலையில் கால் வைக்கமாட்டார். ஒரு தடவை அது வழியை மறித்துக்கொண்டு நகரவே இல்லையாம், பார்த்தால் இலைச் சருகுக்குள் கண்ணாடி விரியன்.

"நாளாகுறதுக்கு முன்னாடியே போட்டுருச்சு. யார்ட்டயும் சொல்லிறாத தங்கச்சி. ஏதோ நோய்னு சொல்லிப் புடிச்சுட்டுப் போயிருவாங்க."

எனக்கு வெட்கமாகிவிட்டது. திருட்டுப் பட்டம் கட்டப் பார்த்தோமே என்று. ஓடையில் கையை அலம்பிக்கொண்டு வேலைக்குப் போனேன், வெறும் தண்ணீரில்தான்.

சில மாதம் கழித்து ராணி மறுபடி குட்டி போட்டது. அன்றைக்கும் லயத்துப் பின்னால் முனகல் கேட்டு எட்டிப் பார்த்தேன்... என் புத்தி அப்படி.

அண்ணன் முழங்கால் போட்டு உட்கார்ந்திருந்தார். குட்டியின் மூக்கில் வாயை வைத்து ஊதுகிறார், முகமெல்லாம் ஈரம். "மூச்சு விடுடா... விட்ருடா சாமி" என்று அழுகிறார். அது விடவில்லை.

அதற்குப் பிறகுதான் அண்ணனுக்குக் காய்ச்சல். சாயங்காலமானால் உடம்பு காயும், போர்வை நனையுமளவு வேர்வை, முதுகைப் பிடித்துக்கொண்டு நடப்பார்.

எங்கள் பக்கம் காய்ச்சல் என்றாலே எலிக்காய்ச்சல்தான். ஆஸ்பத்திரியில் குளிசை கொடுத்தார்கள், விட்டது. பத்து நாளில் திரும்ப வந்தது. பிறகு லயமே குசுகுசு. ஒருத்தர் ஒளித்துக் குடிக்கிறார் என்றார், இன்னொருத்தர் செய்வினை என்றார்.

எனக்கு மட்டும் ராணி மேல் சந்தேகம்.

நாய்களுக்குத் தடுப்பூசி போட வந்த மிருக வைத்தியரிடம் கேட்டேன். நாய்க்குப் புருசெல்லா என்று ஒரு கிருமி இருக்காம். குட்டி அடிக்கடி கலையுமாம். அப்போது வருகிற ரத்தத்தையும் தண்ணீரையும் வெறும் கையில் தொட்டால், வாயில் பட்டால் மனுஷனுக்கும் வரலாமாம். எல்லாருக்கும் வராது, ஆனால் வீட்டில் விட்டு விட்டுக் காய்ச்சல் இருந்தால் டொக்டரிடம் நாயைப் பற்றிக் கட்டாயம் சொல்லுங்கள், நாயின் ரத்தத்தையும் பார்க்க வேண்டும் என்றார்.

ஓடிப்போய் அண்ணனிடம் சொன்னேன். கும்பிட்டுவிட்டார் மனுஷன்.

"என் ராணிய ஒண்ணும் பண்ணிறாதீங்க. ஒன் வாயில இருந்து வராதுன்னு சத்தியம் பண்ணு."

பண்ணினேன். ஊரையே சந்தேகப்படுகிறவள், பாழாய்ப்போன அந்த ஒரு நாள் மட்டும் இரக்கப்பட்டுவிட்டேன்.

மூன்று வாரத்துக்கு முன் வார்டில் சேர்த்தபோது நானும் கூட இருந்தேன். இருதய வால்வில் கிருமி போயிருக்கிறது என்று லேடி டொக்டர் சொன்னார். வீட்டில் மிருகம் ஏதாவது வளர்க்கிறீர்களா என்று சிங்களத்தில் கேட்டார்.

"மொகுத் நே டொக்டர்." ஒன்றும் இல்லையாம்.

சொல்லிவிட்டு அண்ணன் என்னைப் பார்த்தார். நான் சேலைன் போத்தலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இன்று காலை எல்லாம் முடிந்த பிறகு டொக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். ஏசவில்லை... ஏசியிருக்கலாம். அதுதான் காரணமென்று இப்போதே சொல்ல முடியாது, டெஸ்ட் பண்ண வேண்டும் என்றார். முன்னாடியே சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

பிறகு கேட்டார், "அந்தக் குட்டிகளை வேறு யார் தொட்டது?"

அண்ணனின் மனைவி சரோஜாக்கா மெதுவாகச் சொன்னார், "சாக்கு, துணியெல்லாம் நாந்தான் கழுவுனேன்... எனக்கும் சாயங்காலமானா மேலு காயுது."

டொக்டர் என் பக்கம் திரும்பினார். ஒரு மாதமாக எனக்கு இடுப்பு வலி... வாளி தூக்குவதால் என்றுதான் நினைத்திருந்தேன்.

கையை நீட்டினேன். இரண்டு பேருக்கும் ரத்தம் எடுத்திருக்கிறார்கள்.

ராணி உங்கள் வாசற்படியிலேயே படுத்திருக்கிறது அண்ணே, சோறு வைத்தால் மோந்துகூடப் பார்க்கவில்லை. கட்டிப் போட்டிருக்கிறேன், பிள்ளைகளைக் கிட்ட விடவில்லை, கல்லெடுத்தவர்களையும் விடவில்லை. நாளைக்கு மிருக வைத்தியர் வருகிறார்.

சத்தியத்த மீறிட்டேண்ணே. கோவிச்சுக்காம போயிட்டு வாங்க...