மெயில் சர்வரைத் துவைத்துப் பார்த்தோம்

நான் சிஸ்டம்ஸ் வேலைக்குச் சேர்ந்த வாரமே சாந்தி அக்காவுக்கு வேலை போகிற நிலைமை. எங்களுடையது திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் கம்பெனி. அக்கா மெர்ச்சண்டைசர், துணி வாங்கும் வெளிநாட்டுப் பையரோடு மெயிலில் பேசி ஆர்டரை நடத்துகிறவர். காலர் கலரை மாற்றச் சம்மதம் என்று அவர் போட்ட பதில் வந்து சேரவில்லை என்று சொல்லி, பையர் ஆர்டரை வேறு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார்.

“அனுப்புனேனுங்க. சென்ட் ஃபோல்டர்ல இருக்குது பாருங்க!” என்றார் அக்கா.

“அனுப்பியிருந்தா போயிருக்கோணுமல்ல? மாசக் கடைசியோட நின்னுக்க,” என்றார் முதலாளி. பிறகு என் பக்கம் திரும்பினார். “ஏம்மா, நீ கம்ப்யூட்டர் சயின்ஸ்தானே? இந்த மெயில் சர்வர் வேற ஆமையா ஊருது. நல்லதா ஒண்ணு பாத்துச் சொல்லு. வாடகை சர்வரெல்லாம் வேண்டாம். நம்ம மெயில் நம்ம ஊட்டுலயே இருக்கோணும்.”

இரண்டு மெயில் சர்வர் மென்பொருள்களைப் பிடித்தேன். இரண்டின் விளம்பரத்தையும் படித்தால் இரண்டுமே தங்கம். எதை நம்புவது?

எனக்கு எதையும் எட்டிப் பார்க்காவிட்டால் தூக்கம் வராது. டெஸ்டிங் ரூமில் புதுத் துணியை வெட்டி, அளந்து, துவைத்து, சுருங்கியதா என்று மறுபடி அளந்துகொண்டிருந்தார்கள். கூடவே பழைய துணி ஒன்றும் மெஷினுக்குள் போனது. அது எதற்கு என்று கேட்டேன்.

“பழசையும் சேத்துத் துவைச்சாத்தானுங்க புதுசு தேவலையான்னு தெரியும்,” என்றார் அங்கிருந்த ரவி.

அட, சர்வரை எப்படித் துவைப்பது? எங்கள் ஊரில் கரண்ட் போவதுதான் அதற்குச் சலவை. ஜெனரேட்டர் ஓடுவதற்குள் எல்லாம் அணைந்துவிடும், யு.பி.எஸ். பேட்டரியோ பெயருக்குத்தான். பழையதோடு சேர்த்து மூன்றிலும், மெயில் வெளியே போகாமல் காத்திருக்கட்டும் என்று, வெளி நெட் வயரை மட்டும் கழற்றிவிட்டு மெயில் அனுப்பினேன். மூன்றும் “ஓகே” என்று வாங்கி வைத்துக்கொண்டன. உடனே பிளக்கைப் பிடுங்கினேன். மறுபடி எல்லாவற்றையும் மாட்டியதும் புதியவை இரண்டும் மெயிலை ஒழுங்காக அனுப்பின. பழையதில் அனுப்பியது எங்குமே போகவில்லை. ஆனால் என் சென்ட் ஃபோல்டரில் மட்டும் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது!

காலேஜ் நெட்வொர்க்ஸ் பேப்பரில் அது ஐந்து மார்க் கேள்வி: சர்வர் “ஓகே” சொன்னால் மெயிலுக்கு அதுவே பொறுப்பு, அதனால் டிஸ்கில் எழுதிய பிறகுதான் சொல்ல வேண்டும். அர்த்தம் தெரியாமல் மனப்பாடம் செய்து எழுதியிருந்தேன். இங்கே சர்வரைப் போட்டவர், வேகமாக ஓடட்டும் என்று காத்திருக்கும் மெயிலையெல்லாம் டிஸ்கில் எழுதாமல் மெமரியில் மட்டும் வைக்கும்படி செய்திருக்கிறார். கரண்ட் போனால் அதுவும் போச்சு.

அக்காவின் மெயிலும் இப்படித்தான் போயிருக்குமோ? சர்வர் தானாகவே குறித்துவைக்கும் லாகில் அக்கா மெயில் போட்ட நாளைத் திறந்தேன். மெயிலை வாங்கியாயிற்று, நெட் இல்லை, காத்திருக்கிறது. அடுத்த வரியில் சர்வர் புதிதாகக் கிளம்பியிருந்தது, அதாவது நடுவில் கரண்ட் போயிருக்கிறது. அக்கா சொன்னது சத்தியம்.

லாகைக் காட்டியதும் முதலாளி இரண்டு முறை படித்துப் பார்த்தார். “சாந்தி, தப்பு நம்ம மிசின்லதான். நீ இங்கயே இரு, போக வேண்டாம்.”

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அக்கா சிரிக்கவில்லை.

“இத்தன வருசம் இருந்த நான் சொன்னப்ப நம்பலீங்க. அந்த மிசின் சொன்னதும் நம்பிட்டீங்க. நான் வர்றனுங்க.”

மாதக் கடைசியில் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்.

கம்ப்யூட்டர் படிக்கும் தம்பி தங்கைகளே, சர்வர் எதை வேண்டுமானாலும் வாங்குங்கள், பிளக்கைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். யாராவது “அனுப்பிட்டேன்” என்றால் அன்றைக்கே லாகைத் திறந்து பாருங்கள். நான் சில நாள் பிந்தித்தான் திறந்தேன். அதற்குள் அக்கா மனதளவில் கிளம்பிவிட்டிருந்தார்.