சந்தனம் பூசிய அட்டை

என் அக்காவுக்கு அவசரம் வந்தால் முதலில் ஓடுவது குரல்தான், கால் பிறகுதான். ஆனால் அன்றைய அவசரத்துக்கு அவளைக் குற்றம் சொல்லமாட்டேன். கனடாவில் இருக்கும் ஒரே மகளுக்கு முதல் பிள்ளை. வயிற்றில் பிள்ளை திரும்பிக் கிடக்கிறது, ஒப்பரேஷன்தான் என்று டொக்டர் நாளும் குறித்துவிட்டார். "அம்மா, நீங்கள் வந்து பக்கத்திலை நிண்டால்தான் நான் உள்ளுக்குப் போவன்" என்று அந்தப் பிள்ளை ஃபோனில் அழுதிருந்தாள். இழுத்தடித்த விசா கடைசி வாரத்தில்தான் கைக்கு வந்தது. அன்று பொழுதுபடக் கட்டுநாயக்காவில் பிளேன். அதை விட்டால் ஒப்பரேஷனுக்கு முன் அக்கா போய்ச் சேரமாட்டாள்.

மானிப்பாயிலிருந்து விடியவே வானில் வெளிக்கிட்டோம். வான் ஓட்டிய அண்ணை எங்கள் ஒழுங்கையிலேயே குடியிருப்பவர், கொழும்புப் பக்கம் ஓடி ஓடிச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. நான் வழியனுப்பப் போனேன் என்பது பேருக்கு. உண்மையில் அக்காவின் வாய்க்குக் காவலாகத்தான் போனேன். கொடிகாமம் சந்தையைக் கண்டதும் மகளுக்கு முருங்கைக்காய் வாங்கவேண்டும் என்று தொடங்கினாள்.

"முருங்கைக்காய் வாங்கி முடியுமட்டும் பிளேன் உனக்காகக் காத்துக்கொண்டு நிக்குமோ?" என்று ஒரு சத்தம் போட்டேன். திறந்த கைப்பையைத் திரும்ப மூடினாள்.

முறிகண்டிப் பிள்ளையாரிடம் மட்டும் நிறுத்தினோம். அங்கே நிறுத்தாமல் போகிற யாழ்ப்பாணத்து வான் இன்னும் செய்யப்படவில்லை. அண்ணை தேங்காய் உடைத்தார். பிறகு சேட்டுப் பையிலிருந்து புத்தம் புதிய அட்டை ஒன்றை எடுத்துப் பிள்ளையாருக்குக் காட்டி, அதில் தாராளமாகச் சந்தனம் பூசினார்.

"உது என்னண்ணை?"

"ஹைவேக்குக் காசு கட்டிற காட், தங்கச்சி. காசை முதலே போட்டு வைச்சிருக்கிறன். வாசலிலை தட்டினால் கேற் துறக்கும். இண்டைக்குத்தான் முதல் ஓட்டம்."

புது வானுக்குப் பூசுகிறோம், புதுக் கொப்பிக்கும் பூசுகிறோம். அட்டை மட்டும் என்ன பாவம் செய்தது? எனக்கும் அது சரியாகவே பட்டது.

தம்புள்ளை தாண்டியதும் வீதி வேலை. வாகனங்கள் அசையவே இல்லை. அக்கா மணிக்கூட்டைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தாள். "குருநாகலிலை ஹைவேயிலை ஏறினால் பிடிச்சிடலாம்" என்றார் அண்ணை. ஏறினோம். அடேயப்பா, அதுவல்லவோ வீதி! மடியில் வைத்த தேத்தண்ணி சிந்தாமல், காசு கட்டி வெளியேறும் மீரிகம வாசலுக்கு வந்து சேர்ந்தோம். அட்டைக்காரருக்கென்று தனி வரிசை இருந்தது. அண்ணை மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்திருந்து அதற்குள் வானை விட்டார். அட்டையை வைத்தார். மெஷின் சிவப்பு விளக்குக் காட்டியது. திரும்ப வைத்தார். திரும்பவும் சிவப்பு.

கூண்டுக்குள் இருந்த இளம்பெண் சிங்களத்தில் ஏதோ சொன்னாள். "இந்த வரிசையிலை கைக்காசு எடுக்க மாட்டினமாம்" என்று அண்ணை தலையைச் சொறிந்தார். பின்னால் நின்ற வாகனக்காரர்கள் கோண் அடிக்கத் தொடங்கினார்கள். பின்னுக்கு எடுக்கவும் இடமில்லை.

அக்கா சும்மா இருப்பாளா? தமிழ் தெரியாதவர்களோடு கதைக்க எங்கள் ஆட்களிடம் ஒரு முறை உண்டு. புத்தகத் தமிழில், சத்தமாகக் கதைப்பார்கள். அப்படிக் கதைத்தால் உலகத்தில் எவருக்கும் விளங்கும் என்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ! பிறந்த நாள் முதல் காசு என்று மட்டுமே சொல்லிவந்த என் அக்கா, கைப்பையை நெஞ்சோடு அமுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வழிய, "பணம்! அம்மா, பணம்!" என்று ஜன்னலால் அலறினாள்.

அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. கூண்டைத் திறந்துகொண்டு தண்ணீர்ப் போத்தலோடு ஓடி வந்தாள். வான் கதவை இழுத்துத் திறந்து அக்காவின் முதுகைத் தாங்கினாள், நெஞ்சைத் தடவினாள். கோண் அடித்தவர்களைத் திரும்பிப் பார்த்து அவள் போட்ட சத்தத்தில் முழு வரிசையும் அடங்கிவிட்டது. அந்த இடத்திலேயே எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

"ஐயோ, விடு பிள்ளை, எனக்கு ஒண்டுமில்லை!" என்று அக்கா திமிறினாள்.

"அக்கா, சிங்களத்திலை 'பண' எண்டால் உயிர்" என்றார் அண்ணை, சிரிப்பை அடக்கமாட்டாமல். "உங்களுக்கு உயிர் போகுதெண்டு நினைச்சு ஓடி வந்திட்டா!"

பிறகு அவர் அவளுக்கு எல்லாவற்றையும் சிங்களத்தில் சொன்னார். பிளேன், மகள், ஒப்பரேஷன், ஒன்றையும் விடவில்லை. வேறு யாராவது என்றால் எரிந்து விழுந்திருப்பார்கள், நானென்றால் நிச்சயமாக. அவளோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். மெஷின் வாசிக்கும் இடத்தில் சந்தனம் கட்டியாகக் காய்ந்து கிடந்தது. நகத்தால் சுரண்டி நிலத்தில் போட்டிருக்கலாம். போடவில்லை. தன் கைலேஞ்சியை நனைத்து மெல்லத் துடைத்தெடுத்து, சந்தனத்தோடு மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். அது சாமிப் பொருள் என்று ஒருவரும் அவளுக்குச் சொல்லவில்லை. என்ன அருமையான பிள்ளை!

அட்டையை அவளே வைத்தாள். பச்சை. கேற் எழும்பியது.

அக்கா அவளுடைய கையைப் பிடித்து, "போட்டு வாறன் பிள்ளை" என்றாள். 'போறன்' என்று எங்கள் பக்கம் யாரும் சொல்லிவிட்டு வெளிக்கிடமாட்டார்கள். போகிறவர் திரும்பி வரவேண்டும் அல்லவா? அது அவளுக்கு விளங்கியிருக்க வழியில்லை. ஆனாலும், "கிஹின் என்ன, அம்மே" என்றாள்.

"சிங்களத்திலையும் அப்பிடித்தான், 'போட்டு வாங்கோ அம்மா' எண்டு சொல்லுறா" என்றார் அண்ணை.

அக்கா பிளேனைப் பிடித்தாள். சில நாள் கழித்து ஃபோன் வந்தது. தாயும் பிள்ளையும் சுகம், பெண்பிள்ளை. "ஒப்பரேஷன் வாசலிலை இவள் என்ரை கையை விடுறாள் இல்லை" என்றாள் அக்கா. "நானும் அழுறன். ஒரு சொல்லும் வாயிலை வரேல்லை. கடைசியிலை 'கிஹின் என்ன' எண்டுதான் வந்தது. என்னம்மா சொல்லுறியள் எண்டு சிரிச்சாளடி. சிரிச்சுக்கொண்டே உள்ளுக்குப் போனாள்."