உப்புப் பார்த்த கணக்கு

ஒரு பொய்கூடச் சொல்லாமல் ஒரு மனிதர் பொய்யராக முடியுமா? தொழிற்சாலை கேன்டீனில் அண்டாக்களுக்கு நடுவே ஆயுளைக் கழித்த மாஸ்டரை நினைத்தால் இந்தக் கேள்விதான் முன்னால் வந்து நிற்கிறது.

அவருக்கு முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. எடை குறைந்தால்தான் அறுவைச் சிகிச்சை என்று மருத்துவர் கறாராகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வாயுள்ளவர்களெல்லாம் வைத்தியர்களானார்கள்.

"மாவுப் பண்டத்தைத் தொடாதீங்க மாமா, கொழுப்பு எவ்வளவு வேணா சாப்பிடுங்க" என்றான் மனைவியின் தம்பி. "கொழுப்புதான் எமனே" என்றார் வாட்ச்மேன். ராத்திரிப் பட்டினி கிடக்கச் சொன்னார் ஒருவர். பட்டினி கிடந்தால் உடம்பு கொழுப்பைப் பதுக்க ஆரம்பித்துவிடும் என்று பயமுறுத்தினார் இன்னொருவர். மாஸ்டர் ஒருவர் மனத்தையும் நோகடிக்காமல் எல்லாவற்றையும் மாற்றி மாற்றிச் செய்தார். எடை மிஷின் முள் அசையவில்லை.

கிளினிக்கில் உணவு ஆலோசகராக ஒரு சின்னப் பெண் இருந்தாள். "செலவாகுறதைவிட உள்ள போற கலோரி குறைஞ்சா எடை இறங்கித்தான் ஆகணும் சார். வேற ஏதோ சாப்பிடுறீங்க."

மாஸ்டருக்கு முன்னால் அவர் மனைவிக்கு ரோசம் வந்தது. "நான்தாம்மா அளந்து போடுறேன். இவர் வாயில பொய் வராது. முதல்ல உங்க மிஷினைப் பாருங்க."

துணைக்கு அதே அளவு சாப்பிட்ட அவளோ, விரல் மெலிந்து மோதிரம் கழன்று விழுந்ததால் அதில் நூல் சுற்றிப் போட்டிருந்தாள்.

ஒருநாள் முழங்கால் பட்டையை மறந்து வேலைக்குப் போய்விட்டார். அதை எடுத்துக்கொண்டு அவள் கேன்டீன் பின்வாசலில் வந்து நின்றாள். மாஸ்டர் சூப்பைக் கரண்டியால் உள்ளங்கையில் ஊற்றி உறிஞ்சினார். மிளகுத்தூள் போட்டுக் கிளறி மறுபடி உறிஞ்சினார். பொரித்த உருளைக்கிழங்கில் நாலைந்தை வாயில் போட்டு மென்றார். ரொட்டியின் ஓரத்தைக் கிள்ளி அண்டாவில் தோய்த்தார்.

"ஏன் மாஸ்டர், உப்பு வயித்துக்குள்ள போனாத்தான் தெரியுமா?" என்றாள் காய் நறுக்கும் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தபடி திரும்பினார். வாசலில் மனைவி.

"உப்புப் பாக்குறேன்" என்றார், நிறைந்த வாயோடு.

"பாருங்க" என்றாள். பட்டையை மேடைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

சமைப்பவருக்கு அது சாப்பாடு அல்ல, வேலை. தட்டு போட்டு, உட்கார்ந்து, கை கழுவி எழுந்தால்தான் சாப்பாடு. அவர் அப்படி நினைத்திருந்தார் என்றுகூடச் சொல்ல முடியாது; நினைத்துப் பார்க்கும் அவசியமே வந்ததில்லை. மறுநாள், வாய்க்குப் போகவிருந்ததையெல்லாம் ஒரு கிண்ணத்தில் போட்டுக்கொண்டே வந்தார். மதிய மணி அடிக்குமுன் கிண்ணம் தளும்பியது. வீட்டில் அவள் அளந்து போடுவதைவிட அதிகம். யாரும் பார்ப்பதற்குள் அவசரமாக ஒரு மூடியைத் தேடி மூடினார். அறுவைச் சிகிச்சை தள்ளிப்போவதுகூட அப்போது பெரிதாகப் படவில்லை. தனக்காக அவள் கிளினிக்கில் அந்தப் பெண்ணிடம் உயர்த்திய குரல்தான் காதைச் சுட்டது. வீட்டில் அவள் அந்தப் பேச்சையே எடுக்காதது இன்னும் சுட்டது.

அடுத்த முறை கிளினிக்கில் அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டாள். "வேற ஏதாவது சாப்பிடுறீங்களா சார்? யோசிச்சுச் சொல்லுங்க."

"அது வந்தும்மா, வேலையில இவர் ருசி பாக்குறப்ப..." என்று மனைவி தொடங்கினாள்.

மாஸ்டர் குறுக்கே புகுந்தார். "அதெல்லாம் இல்லம்மா. திருடித் தின்னேன். இவளுக்குத் தெரியாது. தெரியாமத்தான் அன்னிக்கு எனக்காகப் பேசினா."

பஸ்ஸில் அவள் கேட்டாள். "ஏங்க அப்படிச் சொன்னீங்க? உள்ளதைச் சொல்லியிருந்தா யாரு என்ன சொல்லப்போறாங்க?" பிறகும் எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் மாஸ்டர் அவள் மோதிரத்து நூலை இறுக்கிச் சுற்றிவிடுவார்.