பக்கத்துக் கதிரையைப் பார்த்துத் தலையசைத்தவர்

கோட்பாட்டுத் துகள் பௌதிகவியலில் மேற்படிப்புக்கு வெளிநாடு போவதற்காக நான் நுழைவுச் சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்த மாதங்களில், புத்தளத்து நூலகத்தில் என் எதிரே ஒருவர் வந்து அமர்வார். மெலிந்த முகம், கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டை. அவரும் அதே சோதனைக்குத்தான் படித்தார். ஒரு பக்கத்தைப் படித்து முடித்ததும், எனக்குப் பக்கத்திலிருந்த வெறும் கதிரையைப் பார்த்துத் தலையசைப்பார். ஏதோ பழக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு மத்தியானம், எத்தனை முறை செய்தும் ஒரு கணக்குப் பிழைத்துக்கொண்டே இருந்தது. இதுகூட வராவிட்டால் சோதனையில் என்ன செய்வேன் என்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

“தங்கச்சி, நாலாவது வரியில கழித்தல் குறி விடுபட்டிரிக்காம்” என்றார் அவர்.

விடுபட்டுத்தான் இருந்தது. ஆனால் நடுவே பலகைத் தடுப்பு இருந்ததால், அவருக்கு என் முகம் தெரியுமே தவிர தாள் தெரியாது.

“நானா, ஆரு சொன்ன?” என்று அண்ணன் முறை வைத்து அவரிடம் கேட்டேன்.

“ஒங்களுக்குப் பக்கத்தில இரிக்கிறவரு. என்ட கூட்டாளி.”

திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. “அவரும் சோதின எழுதப் போறாரா?” என்று கேட்டேன்.

“இல்ல. அவரு போன வருஷமே பாஸ். எடமும் கெடச்சிச்சி. போறதுக்கு முந்தி களப்புல தோணி கவுந்து மௌத்தாகிட்டாரு.”

நான் சோதனையில் தேறி வெளிநாடு வந்துவிட்டேன். அவர் எழுத வரவேயில்லை. அந்தக் கணக்குக்கு விளக்கம் தேடுவதையும் விட்டுவிட்டேன். ஆனால் கூட்டாளி இறந்துபோனதைச் சொன்னபோது, பக்கத்தில் இருப்பவரின் காதில் விழுந்துவிடக் கூடாது என்பதுபோல் அவர் குனிந்து குரலைத் தணித்ததை மட்டும் மறக்க முடியவில்லை.