சிதம்பரத்தில் சூரியனாக நின்றேன்

பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பிள்ளைகளுக்கு வானத்தை விளக்கும் வண்டியில் என் வேலை, நடுவில் சூரியனாக நிற்பது. நாலு பேர் முன்னால் நிற்கவே கூசுகிறவர்கள் யாராவது நின்றே தீரவேண்டிய வேலையில் மாட்டியிருந்தால், என் பாடு அவர்களுக்குப் புரியும்.

அன்று சிதம்பரத்தில் அந்தப் பள்ளி மைதானத்தில் இருந்தவர்கள்: கடலூரிலிருந்து வண்டியில் வந்த மூன்று பேர், அதாவது பாடம் சொல்லும் செல்வி, டிரைவர் நசீர், நான், பள்ளியின் தாளாளர், கிரகங்களாக எட்டுப் பிள்ளைகள், நிலாவாக ஒரு சிறுமி, தரையில் உட்கார்ந்து பார்த்தவர்கள் நாற்பத்தொரு பேர். ஜூன் மாதம் அங்கே அறிவியல் டீச்சர் இடம் காலியாகிறது. செல்வி நடத்துவதைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகத் தாளாளர் சொல்லியிருந்தார். தினமும் குறிஞ்சிப்பாடியில் முதல் பஸ் ஏறி வந்து எங்கள் வண்டியைப் பிடிக்கிற பெண். என்னால் அவளுக்கு எதுவும் கெட்டுவிடக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் போனேன்.

மஞ்சள் சட்டை

சூரியனுக்கு மஞ்சள் சட்டை. புதிதாகத் தைத்தது, வயிற்றுப் பக்கம் பொத்தான் எட்டவில்லை. கயிற்றின் ஒரு முனை என் கையில், மறுமுனை ஓடுகிற பிள்ளையின் கையில். "கிரகம் நேரா ஓடப் பாக்குது. சூரியன் தன் பக்கம் இழுத்துக்கிட்டே இருக்கு. ரெண்டும் சேர்ந்தாத்தான் சுத்தும். இந்தக் கயிறுதான் ஈர்ப்பு விசை" என்று செல்வி ஆரம்பித்தாள்.

பிள்ளைகள் கயிற்றைப் பார்க்கவில்லை, பொத்தானைப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். வண்டி ஓரம் நின்ற நசீர் சொன்னான்: "மாமா, சூரியனே வெக்கப்பட்டு நின்னா கிரகமெல்லாம் யாரப் பாத்து ஓடும்?"

நிலாவின் புகார்

மூன்றாவதாகப் பூமி. அதோடு நிலா. "நிலா பூமியப் பாத்து விழுந்துகிட்டேதான் இருக்கு. பக்கவாட்டுல ஓடுற வேகத்தால தொடாம சுத்திப் போயிடுது" என்றாள் செல்வி. பூமி ஒரு சுற்று முடிப்பதற்குள் நிலா பூமியைப் பதின்மூன்று தடவை சுற்ற வேண்டும். எண்ணுவது என் பொறுப்பு.

ஒன்பதாவதில் அந்தச் சிறுமி தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "இன்னும் நாலு பாக்கி" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. மூச்சு வாங்க நிமிர்ந்து பார்த்து அவள் கேட்டாள்: "தாத்தா, நிலாவுக்கு சனி ஞாயிறு லீவு கெடையாதா?"

வியாழன் போன வழி

கயிற்றை விட்டால் கிரகம் நேராக ஓடிவிடும் என்று காட்ட வேண்டியது வியாழன். கொஞ்சம் கனத்த பையன். "விடு" என்று நான் சொல்ல வேண்டியது, அவன் முகம் காலி மைதானத்தைப் பார்க்கும்போது. சொன்னது, தாளாளர் மோர் டம்ளரோடு உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்க்கும்போது.

"பாத்தீங்களா, இழுப்பு நின்னதும் நேராப் போயிட்டான்" என்றாள் செல்வி, குரல் மாறாமல். பிள்ளைகளுக்கு நன்றாகவே புரிந்தது. தாளாளர் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தார்: "விசையெல்லாம் சரிம்மா, என் மோருக்கு யாரு பொறுப்பு?"

கோவில் பழக்கம்

செல்வி துண்டை எடுத்துக்கொண்டு அவரிடம் ஓடினாள். பதற்றத்தில் சும்மா நிற்கத் தெரியாமல் நான் சனியை அனுப்பினேன். அதுவரை எல்லாக் கிரகமும் கடிகார முள்ளுக்கு எதிராகத்தான் ஓடின. நவக்கிரகம் சுற்றிப் பழகிய என் கை, இவனுக்கு வலமாகக் காட்டிவிட்டது. செல்வி திரும்பிப் பார்த்து, "ஐயா, மாத்திப் போவுது" என்றாள் மெதுவாக. நான் மைதானம் முழுக்கக் கேட்கும்படி, "இடமா சுத்துடா" என்று கத்தினேன்.

தாளாளர் அப்போதுதான் கவனித்தார். "இவ்வளவு நேரம் பிள்ளைங்கள அப்பிரதட்சணமாவா சுத்த விட்டீங்க? நம்ம ஸ்கூல்லயா?" என்றார். அந்த ஜூன் மாதம் என் கண் முன்னாலேயே போய்விட்டது. சனி கயிற்றோடு நின்றான். நான் தரையைப் பார்த்தேன்.

"வானத்துல அப்படித்தான் சார் போவுது. மாத்திச் சொல்லிக் குடுக்க மாட்டேன்" என்ற செல்வி, அவருக்கு நேர் எதிரே நின்று விரலால் காற்றில் வட்டம் போட்டாள். "இது எப்படி சுத்துது?" "வலமா." "எனக்கு இடமாத் தெரியுது. விரல் ஒண்ணுதான் சார். பூமிக்கு வடக்கேருந்து பாத்தா இடம், தெக்கேருந்து பாத்தா வலம்." அவர் தானும் ஒரு வட்டம் போட்டுப் பார்த்தார், இன்னொன்றும் போட்டார். பிறகு உட்கார்ந்தார்: "அப்ப நான் தெக்கேருந்து பாக்குறதா வச்சிக்க. நீ நடத்தும்மா."

கிளம்பும்போது

மீதி இரண்டு கிரகங்களும் ஒழுங்காக ஓடின. நான் சட்டையை மாற்றிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் நின்றேன், கண்ணில் படாமல். தாளாளர் செல்வியை வழியனுப்ப வந்தார். நான் இருப்பது தெரியாமல்தான் சொல்லியிருக்க வேண்டும்: "ஜூன்ல வந்து சேந்துடும்மா. அந்த சூரியன மட்டும் இந்தப் பக்கம் கூட்டிட்டு வந்துடாத."

ஆக, பொத்தான் எட்டாத ஒரு சூரியன், அவனை மாமா என்று கூப்பிட ஒரு டிரைவர் என்று, ஜூன் முதல் எங்கள் வண்டியில் மிச்சம் இரண்டு பேர்.